செல் பாடம்: அட்டவணை மனப்பாடம், ஆனால் கேள்விக்கு விடை வரவில்லை

#1 மின்மினி

வணக்கம். 9ஆம் வகுப்பு படிக்கிறேன். செல் உறுப்புகள் அட்டவணை முழுவதும் எனக்கு மனப்பாடம். உட்கரு என்றால் கட்டுப்பாட்டு மையம், மைட்டோகாண்ட்ரியா என்றால் ஆற்றல் மையம், ரைபோசோம் என்றால் புரதம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் தேர்வில் வேறு மாதிரி கேட்கிறார்கள். "கணையச் செல்லில் எந்த உறுப்பு மிகுதியாக இருக்கும், ஏன்?" என்று ஒரு கேள்வி. "தாவரச் செல்லில் பசுங்கணிகம் உண்டு என்றால் வெங்காயத் தோலில் ஏன் அதைக் காண முடிவதில்லை?" என்று இன்னொன்று. இரண்டுக்கும் அட்டவணையில் பதில் இல்லை. இந்தப் பாடத்தை எப்படித்தான் படிப்பது?

#2 இலைத்துளை

வெங்காயக் கேள்விக்கு மட்டும் இப்போது சொல்கிறேன். வெங்காயக் குமிழ் மண்ணுக்குள் இருக்கும் பகுதி. வெளிச்சம் படாத இடத்தில் ஒளிச்சேர்க்கை நடக்காது, அதனால் பசுங்கணிகத்துக்கு அங்கே வேலை இல்லை. அதே செடியின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பச்சைத் தாளை எடுத்துப் பாருங்கள், நிறைய இருக்கும். குமிழில் இருப்பவை நிறமற்ற கணிகங்கள். உருளைக்கிழங்கை வெளிச்சத்தில் போட்டுவைத்தால் பச்சையாவது இதனால்தான். நிறமற்ற கணிகம் வெளிச்சம் பட்டதும் பசுங்கணிகமாக மாறிவிடுகிறது.

புத்தகத்தில் இருக்கும் தாவரச் செல் படம் எந்தத் தாவரத்திலும் இல்லாத ஒரு செல். பல செல்களில் இருப்பதை ஒன்றாகத் தொகுத்துப் போட்ட பொதுப்படம் அது.

#3 சாக்பீஸ்

மின்மினி, உங்கள் அட்டவணையில் தப்பு எதுவும் இல்லை. படிக்கும் திசைதான் மாற வேண்டும். "இந்த உறுப்பு என்ன செய்யும்?" என்பதிலிருந்து தொடங்காமல் "இந்தச் செல்லுக்கு என்ன வேலை?" என்பதிலிருந்து தொடங்குங்கள். அப்புறம் எது கூடுதலாக வேண்டும், எது இல்லாமலே சமாளிக்கலாம் என்று யோசியுங்கள். என் வகுப்பில் நான் முதலில் கேட்பது "எது இல்லை?" என்பதைத்தான்.

மனித இரத்தச் சிவப்பணுவை எடுத்துக்கொள்வோம். அதன் வேலை ஆக்சிஜனைச் சுமப்பது. முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு இல்லை, அந்த இடத்தையும் ஹீமோகுளோபின் எடுத்துக்கொள்கிறது. மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. இதைச் சொன்னதும் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆற்றல் மையமே இல்லாமல் ஒரு செல் எப்படி உயிரோடிருக்கும்? ஆக்சிஜன் தேவைப்படாத வழியில், குளுக்கோசைப் பாதி தூரம் மட்டும் சிதைத்து, தனக்கு வேண்டிய கொஞ்சம் ஏடிபியை (செல் தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறை) அது தயாரித்துக்கொள்கிறது. ஆகவே சுமந்து செல்லும் ஆக்சிஜனில் ஒரு துளிகூடத் தன் ஆற்றலுக்காக எடுத்துக்கொள்வதில்லை. விலையாக, தன்னைப் பழுது பார்த்துக்கொள்ளவோ பிரிந்து பெருகவோ அதனால் முடியாது. சுமார் 120 நாளில் ஆயுள் முடிந்துவிடும். பறவைகளின் சிவப்பணுவில் உட்கரு உண்டு, தவளையின் சிவப்பணுவிலும் உண்டு. "சிவப்பணுவில் உட்கரு கிடையாது" என்று பொதுவாக எழுதாமல் "பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுவில்" என்று எழுதினால் முழு மதிப்பெண்.

இதயத் தசைச் செல் இதற்கு நேர் எதிர். வாழ்நாள் முழுவதும் ஓயாமல் சுருங்கி விரிய வேண்டும். அதனால் அதன் கன அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மைட்டோகாண்ட்ரியாதான்.

தாவரத்துக்கு வந்தால், உணவைக் கொண்டுபோகும் திசுவான ஃபுளோயத்தின் சல்லடைக் குழாய்ச் செல். சர்க்கரைக் கரைசல் தடையில்லாமல் ஓட வேண்டும், குறுக்கே உட்கரு இருந்தால் இடைஞ்சல். முதிர்ந்ததும் உட்கரு போய்விடுகிறது, பக்கத்தில் இருக்கும் துணைச் செல் அதன் பிழைப்பையும் பார்த்துக்கொள்கிறது. நீரைக் கொண்டுபோகும் சைலக் குழாய்ச் செல் இன்னும் ஒரு படி மேலே போய், செத்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது. 1665இல் ராபர்ட் ஹூக் தக்கையில் பார்த்ததும் செத்த செல்களின் வெற்றுச் சுவர்களைத்தான்.

கணையத்தை நீங்களே முயன்று பாருங்கள். செரிமான நொதிகளைத் தயாரித்து வெளியே அனுப்பும் செல் அது. நொதி என்பது புரதம். இனி உங்கள் அட்டவணையை எடுங்கள்.

#4 நேர்க்கோடு

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். சாக்பீஸ் சார் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பெயரே தெரியாத பிள்ளை "எது இல்லை?" என்று எப்படி யோசிக்கும்? முதலில் அட்டவணை, பிறகுதான் யோசனை. என் தம்பிக்கு நான் செல்லைத் தொழிற்சாலையாக வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். உட்கரு முதலாளி, மைட்டோகாண்ட்ரியா ஜெனரேட்டர், கோல்கை பார்சல் பிரிவு. ஒரே நாளில் பிடித்துக்கொண்டான். மறக்கவும் இல்லை.

#5 இலைத்துளை

பெயர்கள் முதலில் வேண்டும் என்பது சரி. அதில் எனக்கு மறுப்பு இல்லை. தொழிற்சாலைதான் எனக்கு ஒத்துவரவில்லை. உட்கரு முதலாளி என்றால், முதலாளியே இல்லாத சிவப்பணு நான்கு மாதம் எப்படி ஓடுகிறது? அமீபாவிலிருந்து உட்கருவை நீக்கினாலும் அது உடனே சாவதில்லை. சில நாள் உயிரோடிருக்கும், பெருகத்தான் முடியாது. உட்கருவில் இருப்பது டிஎன்ஏ. எந்தப் புரதத்தை எப்படிக் கட்ட வேண்டும் என்ற விவரம் அதில் இருக்கிறது. அந்த விவரத்தில் எதை எப்போது எடுத்துப் படிக்க வேண்டும் என்பதைச் சைட்டோபிளாசத்திலிருந்தும் (உட்கருவைச் சூழ்ந்த செல்லின் உட்பகுதி) செல்லுக்கு வெளியிலிருந்தும் வரும் சமிக்ஞைகள் தீர்மானிக்கின்றன. உத்தரவு ஒரே திசையில் போவதில்லை.

அதற்குப் பதிலாக ஒரே ஒரு புரதத்தின் பின்னாலேயே போய்ப் பாருங்கள், நான்கைந்து உறுப்புகள் தாமாக வரிசையில் வந்துவிடும். செல் ஆய்வாளர் ஜார்ஜ் பலாடேயும் அவர் குழுவினரும் 1960களில் செய்தது இதைத்தான், அதுவும் கணையச் செல்லை வைத்தே. கதிரியக்கம் உள்ள அமினோ அமிலத்தைச் சில நிமிடம் மட்டும் கொடுத்துவிட்டு, அது எங்கே போகிறது என்று எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தேடினார்கள். முதல் சில நிமிடங்களில் சொரசொரப்பான எண்டோபிளாச வலைப்பின்னலில் இருந்தது, அதாவது ரைபோசோம்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் பகுதியில். பிறகு கோல்கைக்கு வந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் செல்லின் ஓரத்தில், வெளியேறத் தயாராக இருக்கும் துகள்களுக்குள் போய்ச் சேர்ந்தது. செல்லுக்குள் புரதம் போகும் பாதை இப்படித்தான் தெரியவந்தது. 1974இல் பலாடேக்கு நோபல் பரிசு கிடைத்தது, அவரோடு ஆல்பர்ட் கிளாடும் கிறிஸ்டியன் டி டுவேயும் பகிர்ந்துகொண்டார்கள்.

மின்மினி, உங்கள் கணையக் கேள்விக்கு விடையும் இதிலேயே இருக்கிறது.

#6 மின்மினி

சொரசொரப்பான எண்டோபிளாச வலைப்பின்னலும் கோல்கையும் மிகுதியாக இருக்கும். ஏனென்றால் அது புரதம் தயாரித்து வெளியேற்றும் செல். சரிதானே?

இன்னொரு சந்தேகம். வெங்காயத் தோலை ஆய்வகத்தில் பார்த்தோம். சில செல்களில் உட்கரு ஓரமாக இருந்தது, சிலவற்றில் நடுவில். எது சரியான செல்? நோட்டில் எதை வரைவது?

#7 சாக்பீஸ்

கணைய விடை சரி. மைட்டோகாண்ட்ரியாவும் கணிசமாக இருக்கும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள், புரதம் கட்ட ஆற்றல் வேண்டுமே.

உட்கரு விஷயத்தில் இரண்டு செல்லும் சரியானவைதான். வெங்காயச் செல்லின் உள்ளே பெரும்பகுதியை, நீர்க்கரைசல் நிறைந்த பை போன்ற பெரிய நுண்குமிழ் அடைத்துக்கொண்டிருக்கிறது. சைட்டோபிளாசமும் உட்கருவும் சுவரை ஒட்டிய மெல்லிய அடுக்கில் ஒதுங்கியிருக்கின்றன. ஆக உட்கரு எப்போதும் ஏதாவது ஒரு சுவரோரத்தில்தான் இருக்கும். அது பக்கச் சுவராக இருந்தால் நமக்கு ஓரத்தில் தெரிகிறது. மேல் சுவராகவோ அடிச் சுவராகவோ இருந்தால் நேர் மேலிருந்து பார்ப்பதால் நடுவில் இருப்பதுபோலத் தெரிகிறது. நுண் சரிசெய் திருகை மெதுவாகத் திருப்புங்கள். சில செல்களில் உட்கரு முன்னதாகத் தெளிவாகும், சிலவற்றில் பின்னால். செல்லுக்கு ஆழம் உண்டு என்று அப்போது புரியும். புத்தகப் படத்தைப் பார்த்துத் தட்டையாகவே நினைத்துப் பழகிவிட்டோம்.

செய்யும்போது சில விஷயங்கள். குமிழ் இதழின் உட்குழிந்த பக்கத்துத் தோலை உரியுங்கள், அதுதான் ஒரே அடுக்காக வரும். உடனே தண்ணீரில் போடாவிட்டால் சுருண்டுவிடும். அயோடின் ஒரு சொட்டு போதும். கவர் ஸ்லிப்பை ஒரு விளிம்பில் ஊன்றிச் சாய்வாக இறக்குங்கள். தடித்த கறுப்பு விளிம்போடு, கச்சிதமான வட்டமாக, உள்ளே பளிச்சென்று எது தெரிந்தாலும் அது காற்றுக் குமிழி. ஒவ்வோர் ஆண்டும் நான்கைந்து பேராவது அதை அழகாக வரைந்து "செல்" என்று குறித்துத் தருவார்கள்.

#8 கேள்விக்குறி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். செல் ஏன் இவ்வளவு சிறியது? யானைக்குப் பெரிய செல், எலிக்குச் சின்னச் செல் என்று இருக்கலாமே?

#9 கனசதுரம்

இது என் கணக்கு, நானே போடுகிறேன்.

பக்கம் 1 அலகு உள்ள கனசதுரத்துக்குப் பரப்பு 6, கன அளவு 1. பக்கம் 2 என்றால் பரப்பு 24, கன அளவு 8, விகிதம் 3. பக்கம் 10 என்றால் பரப்பு 600, கன அளவு 1000, விகிதம் வெறும் 0.6. செல்லுக்கு வேண்டியதெல்லாம் சவ்வு வழியாகத்தான் உள்ளே வர வேண்டும், செலவழிப்பதோ உள்ளே இருக்கும் கன அளவு. வளர வளர வாசல் போதாமல் போகிறது.

இது பாதிக் கதைதான். வந்த பொருள் உள்ளே பரவவும் நேரம் வேண்டும். பரவும் தூரம் 10 மடங்கானால் நேரம் 100 மடங்காகும். ஆக்சிஜன் போன்ற சிறிய மூலக்கூறு நீரில் 10 மைக்ரோமீட்டர் பரவ ஏறத்தாழ 0.05 நொடி. 1 மில்லிமீட்டர் என்றால் 8 நிமிடம். 1 சென்டிமீட்டர் என்றால் 14 மணி நேரத்துக்கு அருகில். 1 சென்டிமீட்டர் பருமன் கொண்ட, சுறுசுறுப்பான ஒரு செல் இருந்தால் அதன் நடுப்பகுதி மூச்சுத் திணறியே செத்துவிடும்.

ஆகவே யானைக்கும் எலிக்கும் செல்களின் அளவு பெரும்பாலும் ஒரே வரம்புக்குள்தான். எண்ணிக்கையில்தான் வேறுபாடு.

#10 நேர்க்கோடு

அப்படியானால் கோழி முட்டையின் மஞ்சள் கரு ஒரே செல் என்கிறார்களே? நரம்புச் செல் ஒரு மீட்டர் நீளம் என்கிறார்களே?

#11 கனசதுரம்

இரண்டும் உண்மை, இரண்டும் விதியை மீறவில்லை. கருவுறாத முட்டையின் மஞ்சள் கரு ஒரே செல்தான். ஓட்டையும் வெள்ளைக் கருவையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அந்தச் செல்லில் பெரும்பகுதி சேமித்துவைத்த உணவு, அதற்கு எந்த அவசரமும் இல்லை. இயங்கும் பகுதி மேற்பரப்பில் தெரியும் சிறு வெண்புள்ளி மட்டும். நரம்புச் செல் நீளமே தவிரத் தடிமன் இல்லை. எந்த இடத்தில் வெட்டினாலும் சவ்வு சில மைக்ரோமீட்டருக்குள் இருக்கும். நீளவாக்கில் பொருள்களைக் கொண்டுபோவதைப் பரவலிடம் விடாமல், ஆற்றல் செலவழித்து, நுண்குழல்களின் மேல் நகரும் புரதங்கள் செய்கின்றன.

வேர்த்தூவி ஏன் மெல்லிய நீட்சியாக இருக்கிறது, சிறுகுடல் செல்லில் ஏன் விரல் போன்ற நுண்நீட்சிகள் இருக்கின்றன என்று கேட்டால் இந்த விகிதத்தையே எழுதலாம்.

#12 மின்மினி

சவ்வூடு பரவலையும் யாராவது சொல்லுங்கள். "செறிவு அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு" என்று ஒரு வரி, "செறிவு குறைவான கரைசலிலிருந்து அதிகமான கரைசலுக்கு" என்று இன்னொரு வரி. இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன!

#13 இலைத்துளை

முதல் வரி நீரின் செறிவைச் சொல்கிறது, இரண்டாவது கரைபொருளின் செறிவை. குழப்பமே வேண்டாம் என்றால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: சவ்வைக் கடக்க முடியாத கரைபொருள் எந்தப் பக்கம் அதிகமோ, அந்தப் பக்கம் நீர் போகும்.

சிவப்பணுவைச் சுத்தமான தண்ணீரில் போட்டால் நீர் உள்ளே புகுந்து உப்பி வெடித்துவிடும். 0.9 சதவீத உப்புக் கரைசலில் அப்படியே இருக்கும். அதைவிட உப்பு கூடினால் சுருங்கும். தாவரச் செல்லைத் தண்ணீரில் போட்டால் வெடிக்காது, செல்சுவர் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். விறைப்பாக நிற்கும், அவ்வளவுதான். குளத்துத் தண்ணீரில் வாழும் ஒருசெல் உயிரியான பாரமீசியத்துக்குச் சுவரும் இல்லை, ஆனாலும் வெடிப்பதில்லை. உள்ளே வரும் நீரைச் சுருங்கும் நுண்குமிழால் ஓயாமல் வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது.

அடியில் ஊதா நிறமுள்ள ரியோ இலையின் தோல் கிடைத்தால் உப்புக் கரைசல் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். ஊதா நிறம் செல்சுவரை விட்டு விலகி நடுவே சுருங்குவது கண்ணெதிரே தெரியும். சுவர் இருந்த இடத்திலேயே இருக்கும். செல்சுவரும் செல் சவ்வும் வேறு வேறு என்று அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லித்தர முடியாது.

#14 கேள்விக்குறி

லைசோசோம் "தற்கொலைப் பை" என்று புத்தகத்தில் இருக்கிறது. உடைந்தால் செல் செத்துவிடுமா?

#15 சாக்பீஸ்

அந்தப் பட்டப்பெயர் எனக்குப் பிடிக்காது. தேர்வில் கேட்டால் எழுதிவிடுங்கள், நம்ப வேண்டாம். லைசோசோமை 1955இல் பெயரிட்டு அறிவித்தவர் மேலே இலைத்துளை சொன்ன அதே டி டுவே. அதன் உள்ளே பிஎச் அளவு 5க்கு அருகில், அமிலத்தன்மை. அந்த நொதிகள் அமிலத்தில்தான் நன்றாக வேலை செய்யும். சைட்டோபிளாசத்தின் பிஎச் 7.2 அளவில் இருப்பதால் ஒன்றிரண்டு உடைந்து கசிந்தாலும் நொதிகள் மந்தமாகிவிடும். நிறைய உடைந்தால்தான் ஆபத்து. செல் திட்டமிட்டு இறப்பதற்கு முக்கியமாகப் பொறுப்பேற்பவை கேஸ்பேஸ் என்ற வேறு நொதிகள்.

அன்றாடத்தில் லைசோசோம் பழைய உறுப்புகளையும் செல் விழுங்கிய பாக்டீரியாவையும் செரித்து, கிடைக்கும் பொருள்களைத் திரும்பப் பயன்படுத்தக் கொடுக்கிறது. அதில் ஒரு நொதி பிறவியிலேயே குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு டே சாக்ஸ் நோய் உதாரணம். சிதையாத கொழுப்புப்பொருள் நரம்புச் செல்களில் தேங்கி அவற்றைக் கெடுத்துவிடுகிறது.

#16 நேர்க்கோடு

என் தம்பி கேட்கும் இரண்டு. ஒன்று: தாவரத்துக்குப் பசுங்கணிகம், விலங்குக்கு மைட்டோகாண்ட்ரியா என்று பிரித்து எழுதலாமா? இரண்டு: மனிதச் செல் பிரியும் முன் டிஎன்ஏ இரட்டிக்கிறது என்றால் குரோமோசோம் 92 ஆகிவிடுமா?

#17 இலைத்துளை

முதலாவதுக்கு: கூடாது. தாவரச் செல்லிலும் மைட்டோகாண்ட்ரியா உண்டு. பசுங்கணிகம் சர்க்கரையைச் செய்கிறது, அந்தச் சர்க்கரையிலிருந்து செல்லின் வேலைகளுக்கு ஏடிபி எடுப்பது மைட்டோகாண்ட்ரியா, பகலிலும் இரவிலும். மண்ணுக்குள் இருக்கும் வேர்ச் செல் வேறு எதை நம்பிப் பிழைக்கும்? இரண்டுக்கும் சொந்த டிஎன்ஏவும் சொந்த ரைபோசோமும் இருக்கின்றன. ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த பாக்டீரியாக்கள் இன்னொரு செல்லுக்குள் தங்கிவிட்டதன் வாரிசுகள் இவை என்று 1967இல் லின் மார்குலிஸ் விரிவாக வாதிட்டார். இன்று அது ஏற்கப்பட்ட கருத்து.

#18 கனசதுரம்

இரண்டாவதுக்கு: ஆகாது. குரோமோசோமைச் சென்ட்ரோமியரை, அதாவது இரட்டித்த இரு இழைகளும் ஒட்டியிருக்கும் இடத்தை, வைத்து எண்ண வேண்டும். இரட்டித்த பிறகும் 46தான், ஒவ்வொன்றிலும் இரண்டு குரோமேட்டிடுகள், அதாவது அந்த இரு இழைகள். செல் பிரிதலின் அனாஃபேஸ் கட்டத்தில் அவை பிரிந்து எதிரெதிர்த் துருவங்களுக்கு நகரும்போது மட்டும் செல்லுக்குள் 92 என்று எண்ணலாம். செல் இரண்டானதும் ஆளுக்கு 46. இனச்செல்களை உருவாக்கும் மியாசிஸ் பிரிதலின் முடிவில் 23.

#19 மின்மினி

கடைசியாக ஒன்று. படத்துக்கு மதிப்பெண் உண்டு. உறுப்புகளை எந்த அளவில் வரைவது? புத்தகத்தில் ரைபோசோம் கடுகு அளவில் இருக்கிறது.

#20 கனசதுரம்

தேர்வுக்குப் புத்தகத்தில் இருப்பதுபோலவே வரையுங்கள். விடுமுறையில் ஒரு முறை மட்டும் உண்மையான விகிதத்தில் வரைந்து பாருங்கள். 50 மைக்ரோமீட்டர் செல்லைத் தாளில் 10 சென்டிமீட்டராக வைத்தால் 2000 மடங்கு உருப்பெருக்கம். 10 மைக்ரோமீட்டர் உட்கரு 2 சென்டிமீட்டர் வட்டம். 1 மைக்ரோமீட்டர் அகலமுள்ள மைட்டோகாண்ட்ரியா 2 மில்லிமீட்டர் அகலம். பக்கத்தில் ஒரு பாக்டீரியாவை வரைந்தால் அதுவும் ஏறத்தாழ அதே பருமன்தான். சிவப்பணு 15 மில்லிமீட்டர். 25 நானோமீட்டர் ரைபோசோம் 0.05 மில்லிமீட்டர், பென்சில் முனையே அதைவிடப் பெரிது. சவ்வு 7 நானோமீட்டர் என்று வைத்தால் 0.014 மில்லிமீட்டர். எவ்வளவு கூராகச் சீவினாலும் நீங்கள் வரையும் கோடு சவ்வைவிடப் பல மடங்கு தடிமனாகத்தான் இருக்கும்.

#21 மின்மினி

பாரமீசியத்தையும் இதே அளவில் வரையலாமா?

#22 கனசதுரம்

அது 200 மைக்ரோமீட்டர் இருக்கும், அப்படியானால் 40 சென்டிமீட்டர். இரண்டு தாளை நீளவாக்கில் ஒட்டிக்கொள்ளுங்கள்.